அலைகள் பாடும் ஊர்

கோபன்ஹேகனில் வேலை பார்த்த காலத்தில் பக்கத்து வீட்டுக்காரராக இருந்தவர் அவர். ஓய்வு பெற்ற சரித்திர ஆசிரியர். நான் தரங்கம்பாடிப் பக்கம் என்று சொன்ன அன்றே, "ட்ராங்கேபார்!" என்று எழுந்து வந்து கையைப் பற்றிக்கொண்டார். சென்ற தை மாதம் ஒருவழியாகக் கிளம்பி வந்துவிட்டார். எனக்குச் சொந்த ஊர் பொறையாறு. தரங்கம்பாடிக்குக் கூப்பிடு தூரம். வழிகாட்டி வேலை என் தலையில் விழுந்ததில் எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

மாயவரத்திலிருந்து காரில் வரும்போதே ஆரம்பித்துவிட்டேன். 1926-இல் தொடங்கி 1986-இல் நின்றுபோன எங்கள் ரயிலைப் பற்றிச் சொன்னேன். ஆக்கூரிலும் திருக்கடையூரிலும் நின்று நின்று வந்த அந்த வண்டியில் அப்பா போன கதைகளை அவர் விரும்பிக் கேட்டார். பிறகு 1792-இல் கட்டிய நகர வாயில், ராஜா வீதி, டேனிஷ் கோட்டை. இந்த இடங்களில் நான் அதிகம் பேசவில்லை. பேச வேண்டியவர் அவர். 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கர் டென்மார்க் அரசருக்குப் பொன்னேட்டில் தமிழில் எழுதிய கடிதம் அவர் ஊர் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. 1845-இல் இந்த ஊரையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டார்கள் என்பதைச் சொல்லும்போது, வீட்டுப் பாத்திரத்தை விற்றவர்போலக் கொஞ்சம் கூச்சப்பட்டார்.

சீகன்பால்கு 1718-இல் எழுப்பிய புதிய எருசலேம் ஆலயத்தின் முன்னால் நின்றபோது என் முறை வந்தது. "தமிழில் முதன்முதலாகப் புத்தகம் அச்சானது இந்த ஊரில்தான்" என்றேன். ஐந்தாம் வகுப்பு ஆண்டு விழாவில் இதை மேடையேறிப் பேசிப் பரிசாக எவர்சில்வர் டம்ளர் வாங்கியிருக்கிறேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. இரவு சாப்பிட்டு முடித்த பிறகுதான், மிகவும் தயங்கி, "1578-இல் கொல்லத்தில் ஒன்று அச்சானதாகப் படித்த ஞாபகம்" என்றார். தம்பிரான் வணக்கம். அதற்கும் முன்னால், 1554-இல், லிஸ்பனில் ரோமன் எழுத்தில் ஒரு தமிழ்ப் புத்தகம். நாற்பது வருடப் பெருமை ரசம் சாதத்தோடு முடிந்தது.

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே சமாதானம் சொன்னார். 1706-இல் வந்திறங்கிய சீகன்பால்கு தமிழில் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-இல் இங்கே அச்சாகி முடிந்தது; தமிழில் முதல் புதிய ஏற்பாடு அது. ஜெர்மனியிலிருந்து வந்த அச்செழுத்துகள் பெரியவையாக இருந்ததால் காகிதம் போதவில்லை. அதனால் சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். காகித ஆலையும் வைத்தார்கள். "எங்கே தெரியுமா? உன் பொறையாற்றில்." எனக்குத் தெரியாது. அந்த ஊரில் பிறந்து, அதே தெருக்களில் சைக்கிள் ஓட்டப் பழகியவன் நான்.

மறுநாள் காலை கடற்கரைக்குப் போனோம். மாசிலாமணிநாதர் கோயில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது, 1306. அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. ஊர்ப்பெயருக்கு அர்த்தம் கேட்டார். முந்தைய இரவின் காயம் ஆறாத நிலையிலும் வாய் சும்மா இருக்கவில்லை. தரங்கம் என்றால் அலை, பாடி என்றால் பாடுவது, அலைகள் பாடும் ஊர் என்றேன். (பாடி என்பது வெறும் குடியிருப்பு, கல்வெட்டில் சடங்கன்பாடி என்றிருப்பதும் எனக்குத் தெரிந்ததுதான். ஆனால் அதைச் சொன்னால் எந்த வெளிநாட்டுக்காரர் குறிப்பெடுப்பார்?)

சற்றுத் தள்ளி வலையைப் பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். பாட்டு, அலை என்று நான் கையை ஆட்டி விளக்கியதில் புரிந்திருக்க வேண்டும்.

"பாடுதுன்னா சொல்றீங்க தம்பி? நாங்க இரைச்சல்னுதான் சொல்லுவோம்."

கொஞ்ச நேரம் கழித்து, தண்ணீர் வந்து தொட்டுப் போகும் ஒரு மணல் திட்டைக் காட்டினார்.

"அவருகிட்ட இதையும் சொல்லுங்க. அங்கதான் என் வீடு இருந்துச்சு. சுனாமியில போச்சு. வீட்டுல ரெண்டு பேரு."

2004 டிசம்பர் 26-க்குப் பிறகு நான் அந்தக் கரைக்கு எத்தனையோ முறை வந்திருக்கிறேன். அந்தத் திட்டை வெறும் திட்டாகவே பார்த்திருக்கிறேன். நண்பர் என் பக்கம் திரும்பி, என்ன சொல்கிறார் என்று கேட்டார். நல்வரவு சொல்கிறார் என்றேன். நண்பர் கைகூப்பினார். பெரியவரும் கைகூப்பினார்.

இப்படிச் சொன்னதற்கு நான் என்ன சமாதானம் சொல்லிக்கொண்டாலும் ஒட்டவில்லை. விருந்தாளியின் மனம் வாடக் கூடாது என்பது அதில் பாதி. அலைகள் பாடும் ஊர் என்று ஒரு நிமிடத்துக்கு முன்னால் சொன்னவன் வாயால் அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது என்பது மீதி.

அவர் ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்து எழுதினார். தரங்கம்பாடிக்குத் தன் கையாலேயே ஒரு வரைபடம் போட்டிருந்தார். கோட்டை, வாயில், ஆலயம், கோயில், நின்றுபோன ரயில் பாதை எல்லாம் இருந்தன. கரையில் ஓர் இடத்தில் சிறிய வட்டம் வரைந்து, "வலைக்காரர் நல்வரவு சொல்லும்போது கைகாட்டிய இடம். இது என்ன?" என்று கேட்டிருந்தார்.

அன்றிரவே நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பினேன். பாடியின் பொருளையும் சேர்த்தே எழுதினேன். அவர் ஒரே வரியில் பதில் போட்டார்: யாருடைய வீடு என்று குறிப்பது, பெயர் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். வலை விரித்தபடி கிடந்தது. பெரியவர் மீன் ஏலத்துக்குப் போயிருப்பதாகவும் வர மதியமாகும் என்றும் சொன்னார்கள். கோயில் நிழலில் உட்கார்ந்து காத்திருந்தேன்.