வண்டியைப் புரட்டினோம்

கல்யாணில் எங்கள் குடியிருப்பைச் சேர்ந்த நெல்லைக்காரர்கள் அனைவரும் அண்ணாச்சியின் பத்மினி காரை அறிவர். குர்லாவில் பிரீமியர் தொழிற்சாலையில் உருவான அவ்வண்டியை அவர் 1984-இல் வாங்கினார். பிரசவ வேதனையுற்ற பெண்களை நள்ளிரவில் மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்ததும், ஊரிலிருந்து வந்த முதியோரைத் தாதர் நிலையத்திலிருந்து அழைத்து வந்ததும் அதுவே. 2005 ஜூலை 26 பெருவெள்ளத்தில் அது இருக்கை மட்டம்வரை நீரில் நின்றது. கதவடிப் பெட்டிகளுக்குள் சேறு தங்கிவிட்டது. அன்று தொடங்கிய துரு மெல்ல மெல்லத் தரையை அரித்தது.

15 ஆண்டு கடந்த சொந்த வண்டிக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை தகுதிச் சோதனை உண்டு. 2024-இல் அதற்குரிய நாள் நெருங்கிற்று. ஓட்டைத் தரையோடு தேற இயலாது. “எடைக்குப் போட்டுரலாம்னு இருக்கேன் தம்பி” என்று அண்ணாச்சி சொன்னபோது அவர் குரல் கம்மியது. சரக்கு அலுவலக எழுத்தர், பற்றவைப்பவர், தச்சர் ஆகிய நாங்கள் மூவரும், “இரண்டு மாதம் பொறுங்கள் அண்ணாச்சி” என்றோம்.

பத்மினிக்கு லாரியைப்போல் தனி அடிச்சட்டம் கிடையாது. தரை, தூண், கூரை யாவும் ஒன்றாகப் பற்றவைத்த கூடே வண்டியைத் தாங்குகிறது. தரை கெட்டால் எலும்பு கெட்டதற்கு ஒப்பாகும். அடியில் படுத்து அண்ணாந்து பற்றவைத்தாலோ, உருகிய இரும்பு முகத்தில் விழும். பற்றும் ஒழுங்காக அமையாது.

அனல் மின் நிலையங்களில் நிலக்கரி வேகனை அப்படியே கவிழ்த்துக் கொட்டும் டிப்ளர் பொறியை நாங்கள் அறிவோம். வேகனே புரளும்போது கார்க்கூடு புரளாதா? பழைய கார்களைப் புதுப்பிக்கும் மேல்நாட்டார் இதற்கென ஒரு சட்டம் வைத்திருக்கின்றனர். கோழியைக் கம்பியில் கோத்துத் தணலில் திருப்பும் அடுப்பின் பெயரால் அதை ‘ரொட்டிசெரி’ என்பர். சைவரான அண்ணாச்சி முகஞ்சுளித்ததால், நாங்கள் ‘புரட்டும் சட்டம்’ என்றே அழைத்தோம்.

பழைய இரும்புக் கடையில் சதுரக் குழாய் வாங்கி, முன்னுக்கொன்று பின்னுக்கொன்றாக இரு தாங்கிகள் செய்தோம். ஒவ்வொன்றின் தலையிலும் மூன்றரை அடி உயரத்தில் மூன்று அங்குலக் குழாய். அதனுள் கிரீஸ் தடவிய இரண்டரை அங்குலக் குழாய் அச்சாகச் சுழலும். தாங்கிகள் விலகாதபடி கீழே ஒரு நீளக் குழாய் அவற்றை இணைத்தது. பெட்ரோல் தொட்டியை முதலில் அகற்றினோம். வண்டி தன் சக்கரங்களில் நிற்கும்போதே கதவு வாயில்களில் குறுக்குக் குழாய் பற்றவைத்தோம். தரையை வெட்டும்போது கூடு வளைந்துவிட்டால் பின்னர்க் கதவு பொருந்தாது. அதன்பின் எஞ்சின் முதலியவற்றைக் கழற்றி, பம்பர் பொருந்தும் இடங்களில் அச்சின் கைகளைப் போல்ட்டால் முடுக்கினோம்.

சமநிலையே இதன் உயிர்நாடி. கூட்டின் எடை மையம் அச்சுக்கு மேலே இருந்தால் அது தானே தலைகீழாகப் பாயும். மிகவும் கீழே இருந்தால் புரட்ட நால்வர் வேண்டும். ஆதலால் கைகளில் வரிசையாகத் துளையிட்டு ஏற்றியிறக்கிப் பார்த்தோம். மூன்றாம் துளையில், ஒரு கையால் தள்ளியதும் கூடு சாதுவாகப் பக்கவாட்டில் சாய்ந்தது. உடனே பூட்டாணியைச் செருகினோம். ஆணி செருகாமல் எவரும் அடியில் தலை நீட்டலாகாது என்பது எங்கள் விதி.

தரை இப்போது சுவர்போல் எதிரே நின்றது. ஆறு ஞாயிற்றுக்கிழமைகளில் துருவைச் சுரண்டி, கெட்டதை வெட்டி, புதுத் தகடு பொருத்தி, துருத்தடுப்புப் பூச்சும் பூசினோம். கதவடிப் பெட்டியைத் திறந்தபோது ஒரு பிடி காய்ந்த சேறு உதிர்ந்தது. அண்ணாச்சி அதைக் கையில் ஏந்தி, “இது அந்த வெள்ளத்துச் சேறுல்லா!” என்று நெடுநேரம் பார்த்திருந்தார்.

மும்பையின் பத்மினி டாக்சிகள் 2023 அக்டோபரோடு விடைபெற்றுவிட்டன. அண்ணாச்சியின் வண்டியோ சோதனையில் தேறி, இன்னும் ஐந்தாண்டு ஓட உரிமை பெற்றது. புரட்டும் சட்டத்தைக் கழற்றி அடுக்கி வைத்துள்ளோம். தேவைப்படும் அன்பர்கள் தாராளமாக எடுத்துச் செல்லலாம். பூட்டாணியை மட்டும் மறவாதிருப்பார்களாக.