ரூட் பண்ணிய போனும் அடுத்தவரின் அமானிதமும்



கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள். வீட்டில் 15, 16 வயதுப் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் பக்கத்தில் இருத்தி வாசியுங்கள்.

பத்தாம் தரத்தில் பணிசெயல் முறைமை பாடம் தொடங்கினால், ஒவ்வொரு வருடமும் பின் வாங்கிலிருந்து இந்தக் கேள்வி வரும். "சேர், போன ரூட் பண்ணினா பிழையா?" உடனே அடுத்தவன் கேட்பான், "மொட் வட்ஸ்அப் போட்டா பிழையா சேர்?" இரண்டும் ஒரே கேள்வி என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். பெரியவர்கள் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு. இரண்டும் ஒரே போனில் சேரும்போது நடப்பது மூன்றாவது விசயம்.

முதலில் ரூட்.

அன்ட்ரொய்ட், லினக்ஸின் மேல் கட்டப்பட்டது. லினக்ஸில் ஒவ்வொரு பாவனையாளருக்கும் ஓர் இலக்கம் உண்டு. அன்ட்ரொய்ட்டில் ஒவ்வொரு செயலியும் ஒரு தனிப் பாவனையாளர் மாதிரி. வட்ஸ்அப்புக்கு ஓர் இலக்கம், வங்கிச் செயலிக்கு வேறோர் இலக்கம், பிள்ளை விளையாடும் கேமுக்கு இன்னோர் இலக்கம். போனில் 60 செயலி இருந்தால் 60 அறை, 60 பூட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். கேம் எவ்வளவு கெட்டதாக இருந்தாலும் வங்கிச் செயலியின் அறைக்குள் அதனால் போக முடியாது.

இந்தப் பூட்டுகள் எல்லாவற்றையும் திறக்கும் சாவி ஒன்று இருக்கிறது. அது பூச்சியம் என்ற இலக்கமுள்ள பாவனையாளரிடம் இருக்கும். அவர் பெயர்தான் ரூட். போனை விற்கும் கம்பனி அந்தச் சாவியை நமக்குத் தருவதில்லை. ரூட் பண்ணுவது என்றால் அந்தச் சாவியை நாமே எடுத்துக்கொள்வது. அவ்வளவுதான்.

இதை நான் பிழை என்று சொல்வதில்லை. காசு கொடுத்து வாங்கிய பொருள். கம்பனி திணித்துவிட்ட, அழிக்கவே முடியாத குப்பைச் செயலிகளைக் கழற்றலாம். போனில் இருப்பதை முழுமையாக பெக்கப் எடுக்கலாம். கம்பனி கைவிட்ட பழைய போனின் பூட்லோடரைத் திறந்து லினியேஜ் ஓஎஸ் ஏற்றினால் இன்னும் சில வருடம் ஓட்டலாம். 2016 இல் வந்த மஜிஸ்க் என்ற கருவி, சிஸ்டம் பகுதியில் கை வைக்காமல் பூட் இமேஜை மட்டும் மாற்றி ரூட் தருகிறது. அதன் மூல நிரல் எல்லோரும் பார்க்கக்கூடியது. எந்தச் செயலி சாவி கேட்டாலும், கொடுக்கட்டுமா என்று உங்களிடம் கேட்கும். படிக்கிற பிள்ளைக்கு நல்ல பாடம் அது.

செலவும் உண்டு. பூட்லோடரைத் திறந்தால் போனில் உள்ளதெல்லாம் அழியும். சம்சுங் போனில் நொக்ஸ் என்ற பாதுகாப்பின் உள் பியூஸ் ஒருமுறை எரிந்தால் எரிந்ததுதான். மூல சொப்ட்வெயாரை மறுபடி ஏற்றினாலும் செக்யூர் போல்டர் திரும்பி வராது. வங்கிச் செயலிகள் பல திறக்க மறுக்கும். கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி என்ற சோதனை, இந்தப் போனை நம்பலாமா இல்லையா என்று அவற்றுக்குச் சொல்லிக்கொடுக்கிறது.

அடுத்தது மொட்.

ஒரு செயலியைச் செய்தவர் அதை ஏபிகே பைலாக்கி, தன்னிடம் மட்டும் உள்ள ஓர் இரகசியச் சாவியால் முத்திரை குத்துவார். உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் அந்த முத்திரை உடையும். மொட் செய்பவர் ஏபிகேயைப் பிரித்து, விளம்பரத்தை எடுத்து, பிரீமியத்தைத் திறந்து, வேண்டியதைச் சேர்த்து, திரும்பக் கட்டுகிறார். பழைய முத்திரை உடைந்துவிட்டது. ஆகவே தன்னுடைய முத்திரையைக் குத்துகிறார். ஒரே பெயரில் உள்ள அசல் செயலியை அழித்தால்தான் மொட் ஏறும் என்பது இதனால்தான். அதற்குப் பிறகு வரும் புதுப்பிப்புகளும் அசல் கம்பனியிடமிருந்து வராது. அந்த முகம் தெரியாதவரிடமிருந்துதான் வரும். இன்றைக்கு நல்ல பிள்ளையாக இருக்கும் மொட், அடுத்த மாதப் புதுப்பிப்பில் என்ன கொண்டு வரும் என்று எவருக்கும் தெரியாது.

ரூட் பண்ணாத போனில் மொட் போட்டால் அந்த ஓர் அறை மட்டும்தான் முகம் தெரியாதவருடையது. ரூட் பண்ணிய போனில் மொட் போட்டு, அது கேட்கும்போதெல்லாம் "அனுமதி" என்று அழுத்தினால், 60 அறையும் அவருடையது. லக்கி பெச்சர் போன்ற செயலிகள் ரூட்டைக் கொண்டு முத்திரை பார்க்கும் வேலையையே நிறுத்திவிடும். காவலாளியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு கேட்டைத் திறந்து வைப்பது மாதிரி.

இது பயம் காட்டும் கதையல்ல. 2016 இல் கஸ்பர்ஸ்கி நிறுவனம் ட்ரையாடா என்ற கெட்ட நிரலைப் பற்றி எழுதியது. அது ரூட் அதிகாரத்தைக் கொண்டு ஸைகோட் என்ற பகுதிக்குள் புகுந்துகொள்ளும். அன்ட்ரொய்ட்டில் எல்லாச் செயலியும் பிறப்பது ஸைகோட்டிலிருந்துதான். 2021 இல் அதே ட்ரையாடா, எப்எம் வட்ஸ்அப் என்ற மொட்டின் ஒரு பதிப்புக்குள் இருந்தது. விளம்பரத்துக்காகச் சேர்த்த ஒரு துண்டோடு அது வந்தது. அந்த மொட் எஸ்எம்எஸ் பார்க்கும் அனுமதியும் கேட்டு வாங்கியிருந்தது. நம் வங்கிகள் ஓடிபி அனுப்புவது எதில் என்று யோசித்துப் பாருங்கள்.

2022 இல் யோ வட்ஸ்அப்பின் ஒரு பதிப்பு, கணக்கைக் கைப்பற்றப் போதுமான வட்ஸ்அப் சாவிகளைக் களவெடுத்தது. 2023 இல் இன்னும் மோசம். அரபு, அசர்பைஜான் மொழி டெலிகிராம் சனல்கள் வழியாகப் பரவிய வட்ஸ்அப் மொட்களுக்குள் உளவு நிரல் இருந்தது. போனை ஓன் பண்ணும்போது அல்லது சார்ஜில் போடும்போது அது எழும்பும். தொடர்பு இலக்கங்களை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பும். கட்டளை வந்தால் மைக்கைத் திறந்து பதிவு செய்யும். பாதிக்கப்பட்ட நாடுகளில் சவூதி, எகிப்து, யெமன் எல்லாம் இருந்தன. நம் ஆட்கள் வேலைக்குப் போகும் இடங்களில், அவர்கள் கைக்குக் கிட்டும் சனல்கள் இவை.

இனி நான் நேரில் பார்த்த ஒரு போனைப் பற்றிச் சொல்கிறேன். ஆளையோ ஊரையோ சொல்லமாட்டேன்.

ஒரு மாணவனின் உம்மா பாடசாலைக்கு வந்தார். மாப்பிள்ளை கட்டாரில். "சேர், இந்தப் போன்ல பேங்க் எப் திறக்குதில்ல. சல்லி வந்திச்சா எண்டு பார்க்க ஒவ்வொரு தடவையும் டவுனுக்குப் போக வேண்டியிருக்கு" என்றார். கை மாறிய போன். கடையில் வாங்கும்போதே ரூட் பண்ணியிருந்தது. வட்ஸ்அப், பாட்டுச் செயலி, மகன் கேட்ட கேம் எல்லாம் மொட். "எல்லாம் ப்ரீயாப் போட்டுத் தாறன் ராத்தா" என்று கடைக்காரத் தம்பி சொல்லியிருக்கிறார். அவருக்கு ரூட் என்றால் என்னவென்றே தெரியாது. மொட் என்றாலும் தெரியாது. அவருக்குத் தெரிந்தது வட்ஸ்அப்பின் பச்சை நிறம்தான்.

சாவி வாங்கியிருந்த செயலிகளின் பட்டியலைப் பார்த்தேன். ஒரு கேமுக்குக் கூட சாவி கொடுக்கப்பட்டிருந்தது. எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டார். "சேர், நான் வீட்டுக்குள்ள எடுக்குற போட்டோ எல்லாம் அவருக்கு இதிலதான் அனுப்புறன். அது வேற ஆக்களுக்குப் போயிருக்குமா?"

வீட்டுக்குள் எடுக்கும் போட்டோ என்று அவர் எதைச் சொன்னார் என்பது நம் சமூகத்துப் பெண்களுக்கு விளங்கும். வெளியில் போகும்போது முழுமையாக மூடிப் போகும் ஒரு பெண், கடல் கடந்திருக்கும் தன் மாப்பிள்ளைக்கு மட்டும் காட்டும் முகம் அது.

போயிருக்கும் என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. போகவில்லை என்றும் சொல்ல முடியவில்லை. அந்த மொட்டைச் செய்தவர் நல்லவராக இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம். பார்த்துச் சொல்ல வழி இல்லை. மொட்டின் விலை என்னவென்று கேட்கும் பிள்ளைகளுக்கு இன்று நான் சொல்லும் பதில் இதுதான். அது களவெடுத்ததா இல்லையா என்று தெரியாமலே இருக்க வேண்டியிருப்பதுதான் அதன் விலை.

போட்டோக்களைக் கணினிக்கு மாற்றி, மூல சொப்ட்வெயாரை ஏற்றி, பூட்லோடரைப் பூட்டிக்கொடுக்க இரண்டு பின்னேரம் எடுத்தது. அசல் வட்ஸ்அப்பில் இலக்கத்தைப் புதிதாகப் பதிந்து, இரண்டு படிச் சரிபார்ப்புக்கு பின் இலக்கம் போட்டோம். வங்கிச் செயலி திறந்தது.

அந்தப் போனில் இன்னொன்றும் இருந்தது. எங்கள் வகுப்பு வட்ஸ்அப் குழு. நாற்பதுக்கு மேற்பட்ட வீடுகளின் இலக்கங்கள், பிள்ளைகளின் புள்ளிப் பட்டியல், விளையாட்டுப் போட்டிப் படங்கள். அந்த நாற்பது வீடும் அசல் வட்ஸ்அப் பாவித்தாலும் பிரயோசனம் இல்லை. குழுவில் ஒருவரிடம் மொட் இருந்தால் போதும். போன் உங்களுடையது. அதற்குள் இருப்பதெல்லாம் உங்களுடையது அல்ல. அடுத்தவர்கள் உங்களை நம்பி வைத்த அமானிதமும் அதில் இருக்கிறது.

ஆண் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. மொட் வட்ஸ்அப்பை நீங்கள் விரும்பும் காரணங்கள் எனக்குத் தெரியும். அழித்த மெசேஜை வாசிக்கலாம், ஸ்டேடஸைத் தெரியாமல் பார்க்கலாம், ஒருமுறை மட்டும் பார்க்கும்படி அனுப்பிய படத்தைச் சேமிக்கலாம். மூன்றும் என்ன? மற்றவர் வேண்டாம் என்று சொன்னதை அவருக்குத் தெரியாமல் செய்வது. அதைக் கெட்டித்தனம் என்று நினைக்காதீர்கள். உங்கள் தங்கச்சி அனுப்பிய படத்தை இன்னொருவன் அப்படிச் சேமித்தால் நீங்கள் அதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்?

அந்தக் கடைக்காரத் தம்பியையும் சந்தித்துக் கதைத்தேன். சண்டைக்குப் போகவில்லை. அவர் சொன்னார், "ஆக்கள் கேக்குறாங்க சேர். மாசா மாசம் டொலர்ல கட்ட எல்லாருக்கும் ஏலுமா? ஏழைகளுக்கு உதவிதானே." அந்தக் கேள்வியில் நியாயம் இல்லை என்று சொல்லமாட்டேன். 2022 இல் சில மாதத்துக்குள் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை போனது. நம் சம்பளம் அப்படிக் கூடவில்லை. பிள்ளைகளின் வீடுகளில் கிரெடிட் கார்ட் இல்லை. விளம்பரம் ஓடும் ஒவ்வொரு நிமிடமும் டேட்டா கரைகிறது. வறுமை எனக்கு விளங்குது.

ஆனால் அந்தத் தம்பியிடம் ஒன்று கேட்டேன். "உங்கட வீட்டுப் போன்ல இதப் போட்டு வெச்சிருக்கீங்களா?" சிரித்தார். பதில் சொல்லவில்லை. இனிமேல் ரூட் பண்ணிய போனை விற்கும்போது வாங்குபவரிடம் சொல்லிவிட்டு விற்பதாக ஒத்துக்கொண்டார். அதுவே பெரிய காரியம். குறையைச் சொல்லி விற்பது நம் வியாபார ஒழுக்கம்தானே.

பிரீமியத்தை உடைத்துப் பாவிப்பது ஹலாலா என்றும் கேட்கிறார்கள். பத்வா சொல்வது என் வேலையல்ல, உலமாக்களிடம் கேளுங்கள். எனக்குத் தெரிந்தது, நம் நாட்டின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் பாதுகாக்கிறது. ஒரு கேமைச் செய்தவனும் கூலிக்காரன்தான்.

எல்லா மாற்றங்களும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். யூடியூப் வென்ஸ்ட் என்ற மொட் 2022 இல் சட்டப் பிரச்சினையால் நிறுத்தப்பட்டது. அதன் பிறகு வந்த ரிவென்ஸ்ட், எதை மாற்றுகிறோம் என்ற நிரலைப் பகிரங்கமாக வைத்திருக்கிறது. மாற்றுவதும் உங்கள் போனிலேயே நடக்கிறது. யூடியூபின் நிபந்தனைகளுக்கு அதுவும் ஒத்துவராது. ஆனாலும் யார் என்ன செய்தார் என்பதைப் பார்க்க முடிவதற்கும் முடியாததற்கும் இடையில் பெரிய தூரம் இருக்கிறது.

காசில்லாத வீட்டுக்கு நான் காட்டும் வழிகள் இவை.

எப்டிரொய்ட் என்ற இடத்தில் இலவசமான, மூல நிரல் திறந்த செயலிகள் இருக்கின்றன. விளம்பரமில்லாமல் வீடியோ பார்க்க நியூபைப் அங்கே கிடைக்கும். ரூட் தேவையில்லை.

குப்பைச் செயலிகளைக் கழற்றவும் ரூட் தேவையில்லை. கணினியில் ஏடிபி என்ற கருவியை வைத்துப் பெரும்பாலானவற்றை நீக்கலாம். அதைப் பழக விரும்பும் பிள்ளைகள் என்னிடம் வரலாம்.

கை மாறிய போன் வாங்கினால், கடையிலேயே ஓப் பண்ணி ஓன் பண்ணிப் பாருங்கள். பூட்லோடர் திறந்திருக்கிறது என்ற எச்சரிக்கை பல போன்களில் திரையில் வரும். பிளே ஸ்டோர் செட்டிங்ஸில் அபௌட் பகுதிக்குப் போய், போன் சான்றளிக்கப்பட்டதா என்று பாருங்கள். வங்கிச் செயலியை அங்கேயே ஏற்றித் திறந்து பாருங்கள். ரூட்டை மறைக்கவும் வழிகள் உண்டு என்பதால், ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு நம்ப வேண்டாம்.

வட்ஸ்அப்பை பிளே ஸ்டோரிலிருந்து மட்டும் எடுங்கள். மொட் பாவிப்பவர்களின் கணக்கைத் தடை செய்வதாக அந்தக் கம்பனியே சொல்கிறது.

ரூட் பண்ணத்தான் வேண்டும், படிக்க வேண்டும் என்று ஆசைப்படும் பிள்ளைக்கு: பண்ணு மகன். அலுமாரியில் கிடக்கும் பழைய போனை எடு. சிம் போடாதே. உம்மாவின் போட்டோ, வாப்பாவின் வங்கி, உன் வகுப்புக் குழு எதுவும் அதில் இருக்கக் கூடாது. பிறகு கழற்று, பூட்டு, உடை, திரும்பச் செய். நாளைக்கு இந்தத் துறையில் நீ பெரிய ஆளாக வருவாய் இன்ஷா அல்லாஹ்.

இன்றைக்கு இரவு உங்கள் உம்மா, மனைவி, தங்கச்சியின் போனை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். அவர்களுக்கு முன்னால் வைத்து, விளங்கப்படுத்திக்கொண்டே பாருங்கள். பச்சை நிறத்துக்குப் பின்னால் யாருடைய முத்திரை இருக்கிறது என்று அவர்களுக்கும் தெரியட்டும்.