ஆறு மில்லி

அமில, காரச் சமநிலையைப் புரிந்துகொள்ளாமலேயே பல ஆண்டுகள் பன்னிரண்டாம் வகுப்புக்கு அதை நடத்தினேன். நடத்தியதோடு நிற்கவில்லை. சரியான கேள்வி கேட்ட ஒரு மாணவியின் வாயை அடைத்து, அவள் கையாலேயே சரியான விடையை அடிக்கவைத்துத் தவறானதை எழுதவைத்தேன். இதை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

சூத்திரங்களில் எனக்குக் குறை இருந்ததில்லை. வலிமை மிகுந்த அமிலமா, செறிவுக்கு மடக்கை பார்த்துக் குறியை மாற்று. வலிமை குறைந்ததா, பிரிகை மாறிலியைச் செறிவால் பெருக்கி வர்க்கமூலம் எடு, அப்புறம் மடக்கை. தாங்கல் கரைசலா, ஹென்டர்சன் சமன்பாடு. நான் படித்து மதிப்பெண் வாங்கியதும் இப்படித்தான், பிள்ளைகளை வாங்கவைத்ததும் இப்படித்தான். 0.1 மோலார் அசிட்டிக் அமிலத்தின் பி.எச். 2.9 என்று கரும்பலகையைப் பார்க்காமலே சொல்வேன். அந்த எண் வரும்போது குடுவைக்குள் என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. பாடத்தின் பெயரே சமநிலை. இரண்டு பக்கமும் ஓயாமல் நடக்கிற ஒரு வினையை, நான் அசையாத ஓர் எண்ணாகத்தான் வைத்திருந்தேன்.

அது ஒரு செய்முறை வகுப்பில் வெளிப்பட்டது. பாடத்திட்டத்தில் இல்லாவிட்டாலும், ஒப்பிட்டுப் பார்க்கட்டும் என்று இரண்டு அமிலங்களைக் கொடுத்திருந்தேன். ஹைட்ரோகுளோரிக் 20 மில்லி, அசிட்டிக் 20 மில்லி, இரண்டும் 0.1 மோலார். பியூரெட்டில் அதே செறிவுள்ள சோடியம் ஹைட்ராக்சைடு. முதலாவதற்கு எல்லா மேசையிலும் 20 மில்லிக்குப் பக்கத்தில் வந்தது. அசிட்டிக்கில் குழப்பம். மெத்தில் ஆரஞ்சு விட்டவர்களுக்கு நிறம் ஒரு சொட்டில் மாறவில்லை. சிவப்பு மெதுவாக ஆரஞ்சாகி, ஆரஞ்சு மெதுவாக வெளுத்து மஞ்சளானது. எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் ஒருவர் நாலில் நிறுத்தினார், ஒருவர் ஆறில். கடைசி மேசையில் மெத்தில் ஆரஞ்சு தீர்ந்துபோய் பினாப்தலீன் எடுத்திருந்தார்கள். அவர்களுக்கு 20.

அந்த மேசைப் பெண் நோட்டோடு வந்தாள். "சார், எங்களுக்கு இருபது வருது. அவங்களுக்கு ஆறுதான். எது சார் சரி?"

நான் தயங்கவே இல்லை. "அசிட்டிக் வலிமை குறைஞ்ச அமிலம்மா. நூத்துல ஒண்ணுதான் பிரியும். அப்போ காரம் கம்மியாத்தான் செலவாகும். ஆறுதான் சரி."

அவள் கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்தாள். "நூத்துல ஒண்ணுன்னா கால் மில்லிகூட வரக்கூடாதே சார். ஆறு எப்படி சார் வரும்?"

அந்த நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது. முழு விளக்கம் தெரியவில்லை. ஆனால் நான் சொன்னது தப்பு என்பது தெரிந்தது. "இரும்மா, யோசிச்சுச் சொல்றேன்" என்று சொல்லியிருக்கலாம். வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. "ரெக்கார்டுல ஆறுன்னு எழுது. எதிர்த்துப் பேசாம போய் வேலையைப் பாரு" என்றேன். அவள் 20-ஐ அடித்துவிட்டு 6 என்று எழுதினாள். அதன் கீழே சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

தெரியாமல் சொன்னது ஒரு குற்றம். தப்பு என்று தெரிந்த பிறகும் கையெழுத்துப் போட்டது அதைவிடப் பெரிய குற்றம். அன்று மாலையே புத்தகத்தைப் புரட்டியிருந்தால் விடை கிடைத்திருக்கும். புரட்டவில்லை. அந்த ஒப்பீட்டுச் சோதனையை அடுத்த ஆண்டு முதல் எடுத்துவிட்டேன், அவ்வளவுதான் செய்தேன்.

பிறகு பள்ளிக்கு ஒரு பி.எச். மீட்டர் வந்தது. ஒரு விடுமுறை நாளில் தனியாக ஆய்வகத்தைத் திறந்து, 4, 7 தாங்கல் கரைசல்களில் அதைச் சரிபார்த்துக்கொண்டு, அதே இரண்டு அமிலங்களையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஹைட்ரோகுளோரிக் 1-இல் தொடங்கியது. 10 மில்லி காரம் போன பிறகும் 1.5-ஐத் தாண்டவில்லை. அசிட்டிக் 2.9-இல் தொடங்கி, ஆறு மில்லியிலேயே 4.4-க்கு வந்துவிட்டது. மெத்தில் ஆரஞ்சு நிறம் மாறுவது 3.1-க்கும் 4.4-க்கும் நடுவில். அந்த ஆறு எங்கிருந்து வந்தது என்பது அங்கே இருந்தது. அமிலம் தீர்ந்ததால் மஞ்சளாகவில்லை. நிறங்காட்டியின் எல்லை தாண்டியதால் மஞ்சளானது. அமிலத்தில் பாதிக்கு மேல் இன்னும் குடுவைக்குள்ளேயே இருந்தது. 10 மில்லியில் 4.8. அதற்குப் பிறகும் மெல்லத்தான் ஏறியது. 20 மில்லியில், பினாப்தலீன் நிறம் மாறுகிற இடத்தில், ஒரே தாவல். அந்த மேசையின் 20-தான் சரி.

கோடையில் வறண்ட ஆற்று மணலில் தோண்டிய ஊற்றுதான் எனக்குக் கடைசியில் இதைப் புரியவைத்தது. கண்ணுக்குத் தெரிவது ஒரு சிரட்டைத் தண்ணீர். அதை அள்ளினால் மணலிலிருந்து இன்னொரு சிரட்டை ஊறி நிற்கும். அசிட்டிக் அமிலத்தில் ஆயிரம் மூலக்கூறுக்குச் சுமார் பதின்மூன்றுதான் பிரிந்து நிற்கின்றன. பி.எச். மீட்டர் பார்ப்பது அந்தப் பதின்மூன்றை. காரம் அந்த ஹைட்ரஜன் அயனிகளை எடுத்ததும் சமநிலை குலைகிறது, பிரியாமல் இருந்தவை பிரிகின்றன, அவற்றையும் காரம் எடுக்கிறது, ஆயிரமும் தீரும்வரை. அதனால்தான் இரண்டு அமிலத்துக்கும் ஒரே 20. முடிந்த இடத்திலும் பி.எச். 7 இல்லை, 8.7. மிஞ்சிய அசிட்டேட் அயனி நீரிடமிருந்தே ஹைட்ரஜனைப் பிடுங்கி ஹைட்ராக்சைடை விட்டுவைக்கிறது. நடுநிலையாக்கல் முடிந்தால் 7 என்று எத்தனை வகுப்புக்குச் சொல்லியிருக்கிறேன்!

பி.எச். அளவை 1909-இல் சோரன்சன் அறிமுகப்படுத்தினார் என்பதை ஒரு மதிப்பெண் வினாவாக ஆண்டுதோறும் மனப்பாடம் செய்யவைத்தேன். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் நொதிகளை ஆராய்ந்த அந்த மனிதருக்கு அந்த அளவு ஏன் வேண்டியிருந்தது என்று சொன்னதே இல்லை. நொதியின் வேகத்தைத் தீர்மானிப்பது, தரம்பார்த்தால் கிடைக்கும் மொத்த அமிலம் அல்ல, கரைசலில் அப்போது தனியாக நிற்கும் ஹைட்ரஜன் அயனி என்று அவர் கண்டார். மொத்தம் வேறு, தனியாக நிற்பது வேறு. அந்தப் பெண் கேட்டதும் இதைத்தான். அவர் பெயரைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, அவர் கண்டதைக் கேட்டவளை விரட்டினேன்.

அந்த வகுப்பிலிருந்து சிலர் நர்சிங் படிக்கப் போனார்கள். இது எனக்கு உறுத்துகிறது. மனித ரத்தத்தின் பி.எச். 7.35-க்கும் 7.45-க்கும் நடுவில் நிற்கக் காரணமான பைகார்பனேட்டும் ஒரு தாங்கல்தான். உடலில் அமிலம் சேரச்சேர பைகார்பனேட் கரைந்துகொண்டே வரும். மூச்சு வேகமெடுத்து கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றி, பி.எச்.-ஐக் கிட்டத்தட்டப் பழைய இடத்திலேயே பிடித்துவைத்திருக்கும். பி.எச். எண்ணை மட்டும் பார்ப்பவர் நோயாளி நலம் என்று நினைப்பார். இருப்பு எவ்வளவு, இப்போது காட்டுவது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கும் பழக்கத்தைப் பதினேழு வயதில் நான் அவர்களுக்குக் கொடுத்திருக்க வேண்டும். அவர்கள் அதை வேறு நல்ல ஆசிரியரிடம் கற்றிருப்பார்கள் என்று நம்புகிறேன். அந்த நம்பிக்கை என் கணக்கில் சேராது.

இப்போது அந்தச் சோதனையைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். பியூரெட்டைத் திறப்பதற்கு முன் எந்த அமிலத்துக்கு எவ்வளவு காரம் ஆகும் என்று ஒவ்வொருவரும் எழுதிவைக்க வேண்டும். பெரும்பாலோர் அசிட்டிக்குக் குறைவாகத்தான் எழுதுகிறார்கள், நான் அன்று சொன்னது போலவே. ஆனாலும் திருந்திவிட்டேன் என்று சொல்ல முடியாது. பிப்ரவரியில் பாடம் முடியாமல் நாள் நெருக்கும்போது, "இதை மட்டும் மனப்பாடம் பண்ணிக்கோங்க, அஞ்சு மார்க் உறுதி" என்று ஹென்டர்சன் சமன்பாட்டைக் கரும்பலகையில் எழுதிப்போட்டுவிடுகிறேன். போன ஆண்டும் எழுதினேன். யாரும் கேள்வி கேட்கவில்லை. அடுத்த கணக்குக்குப் போய்விட்டேன்.