தராசும் நூலும்

விவிலியத்தில் தராசுக்குத் தனி இடம் உண்டு. கள்ளத் தராசை நீதிமொழிகள் நூல் கண்டிக்கிறது. தானியேல் நூலிலோ பெல்சாட்சர் அரசனே தராசில் நிறுத்தப்படுகிறான். எடை குறைந்ததே அவன் குற்றமாகிறது. இன்று நம் ஊர்களில் நிலை தலைகீழ். எடை கூடியவரைக் குற்றவாளியாகவும், மெலிந்தவரை நலமானவராகவும் பார்த்துப் பழகிவிட்டோம். இவ்விரு தீர்ப்புகளும் பிழைபட வாய்ப்புண்டு என்பதை மருத்துவம் நமக்குக் கற்பிக்கிறது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் நம் எடையையும் உயரத்தையும் குறித்துக்கொள்கிறார்கள். கிலோகிராமில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது உடல் நிறைக் குறியீடு. இக்கணக்கின் மூலவர் மருத்துவர் அல்லர். அடால்ஃப் கெட்டலே என்னும் பெல்ஜிய நாட்டு வானியலாளர். 1830களில் அவர் தேடியது 'சராசரி மனிதனை', நோயாளியை அன்று. 1972இல் ஆன்செல் கீஸ் என்னும் அமெரிக்க அறிஞரும் அவருடைய குழுவினரும் இன்று வழங்கும் பெயரை அதற்குச் சூட்டினர். உலக அளவில் 25ஐ எட்டினால் அதிக எடை, 30ஐ எட்டினால் உடற்பருமன் என்பர். இந்தியருக்கு இவ்வெல்லைகள் பொருந்தா என்று கண்டு, 2009இல் நம் நாட்டு வல்லுநர்கள் அவற்றை 23, 25 எனக் குறைத்தனர். 160 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவர் ஏறக்குறைய 59 கிலோவிலேயே முதல் எல்லையைத் தொடுகிறார். 64 கிலோவில் இரண்டாவதை.

ஏன் இந்த வேறுபாடு? தராசு எடையை அறியும். எதன் எடை என்பதை அறியாது. தசை, எலும்பு, நீர், கொழுப்பு யாவும் அதற்கு ஒன்றே. 2004இல் 'லான்செட்' மருத்துவ இதழில் புனே நகர மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் இலண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் அருகருகே நிற்கும் படம் ஒன்றை வெளியிட்டார்கள். இருவரின் குறியீடும் 22.3. ஆனால் கருவிகொண்டு அளந்தபோது யுட்கின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக் உடலிலோ 21.2. எண் ஒன்று, உடல் இரண்டு! கைகால்கள் மெலிந்திருக்க, குடலையும் ஈரலையும் சுற்றிக் கொழுப்பு சேர்வது நம் மக்களிடம் மிகுதி. ஒல்லியானவருக்குச் சர்க்கரை நோய் எப்படி வந்தது என்று வியக்கிறோமே, அதற்கு ஒரு விடை இதில் இருக்கிறது.

அந்த மறைவான கொழுப்பை ஓரளவு கணிக்க விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. ஒரு நூல் போதும். உச்சி முதல் பாதம் வரை நம் உயரத்துக்கு நூலை வெட்டி, இரண்டாக மடித்து, இடுப்பைச் சுற்றிப் பிடிக்க வேண்டும். முனைகள் எட்டாவிட்டால், இடுப்பளவு உயரத்தில் பாதியைத் தாண்டிவிட்டது. மருத்துவரைக் காண்பது நல்லது. உயரத்தில் பாதிக்குள் இடுப்பளவு இருக்கட்டும் என்று 2022இல் இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டு நெறிகளும் அறிவுறுத்தின. தையற்காரரின் அளவு நாடா கிடைத்தால், நம் நாட்டு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லை. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், இயல்பாக மூச்சை வெளிவிட்ட பின் அளக்க வேண்டும்.

நாடாவைக் கண்டதும் வயிற்றை எக்கிக்கொள்ளாதவர் நம்மில் யார்? பாவசங்கீர்த்தனத் தொட்டியிலும் நாம் இதையே செய்கிறோம். ஆன்மாவைச் சற்றே எக்கிக்கொண்டு முழங்காலிடுகிறோம். நாடாவை ஏமாற்றலாம், நோயை ஏமாற்ற இயலாது. மூச்சை விட்டபின் எது எஞ்சுகிறதோ அதுவே உண்மை.

இவ்வளவுகளுக்கும் வரம்புண்டு. கருவுற்ற தாய்க்கும் வயிற்றில் நீர் கோத்தவருக்கும் இவை பொருந்தா. குழந்தைக்கு வயதுக்கேற்ற வளர்ச்சி அட்டவணையே அளவுகோல். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையின் மேற்கைச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்கும் குறைந்தால், வண்ண நாடா சிவப்பைக் காட்டும். அது கடும் ஊட்டக்குறைவின் அடையாளம். லூக்கா நற்செய்தியில் செல்வர் மாளிகைக்குள்ளும் இலாசர் வாசலிலும் இருந்தார்கள். இன்று ஒரே கூரையின்கீழ் தாய்க்கு இடுப்பளவு மிகுந்தும் பிள்ளைக்குக் கையளவு குறைந்தும் இருப்பதுண்டு. மலிவான அரிசியும் சர்க்கரையும் வயிற்றை நிரப்புகின்றன. பருப்பும் காய்கனியும் முட்டையும் எட்டாத விலையில் நிற்கின்றன.

ஆகவே பருத்த உடலைக் கண்டதும் தலையான பாவங்களில் ஒன்றான போசனப்பிரியத்தை நினைப்பது அநீதி. பரம்பரை, மருந்துகள், உறக்கமின்மை, வறுமை எனக் காரணங்கள் பல. புனித தாமஸ் அக்குவினாஸ் பருத்த உடலினர் என்பது மரபு. உடன்பயின்ற மாணவர்கள் அவரை 'ஊமை எருது' என்று ஏளனம் செய்தார்களாம். அந்த எருதின் குரலைத் திருச்சபை இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறது. மெலிந்த உடலும் தவத்தின் சான்று அன்று. தவக்காலத்தில் குறைந்த கிலோக்களை எண்ணி மகிழ்வோர், ஒறுத்த உணவு எந்த ஏழையின் தட்டை அடைந்தது என்பதையும் எண்ண வேண்டும்.

பங்குகளில் நடக்கும் மருத்துவ முகாம்களில் ஒருவர் எடையை உரக்கக் கூற, வரிசையில் நிற்போர் சிரிப்பதை நாம் பார்த்திருக்கிறோம். அப்படிச் சிரிக்கப்பட்ட பெண் அடுத்த முகாமுக்கு வருவதில்லை. அவருடைய இரத்த அழுத்தம் அளக்கப்படாமலே ஏறுகிறது. ஒரு திரைச்சீலை, தாழ்ந்த குரல், எண்ணைக் கூறுமுன் ஒரு நலம் விசாரிப்பு – இவற்றுக்குச் செலவு அதிகமில்லை. உடல் தூய ஆவியாரின் கோவில் என்று பவுலடியார் கற்பித்ததை நம்புகிறவர்கள் நாம். கோவிலை அளக்கச் செல்பவர் வாசலில் காலணியைக் கழற்றிவிட்டே செல்ல வேண்டும்.