உள்ளேன் ஐயா

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் சாலையில் பயணம் செய்தவர்கள் பெருமுக்கல் மலையைப் பார்த்திருப்பார்கள். சமவெளியின் நடுவே பாறைகளை அள்ளிக் குவித்தாற்போல் அது எழுந்து நிற்கும். மேலே சோழர் காலக் கல்வெட்டுகளைத் தாங்கிய சிவன் கோயில். குகைப் பாறையிலே வரலாற்றுக்கு முந்தைய மனிதர் கீறிவைத்த கோட்டுருவங்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஐதர் அலியின் படையினரும் மாறி மாறி முற்றுகையிட்ட கோட்டையின் சிதைவுகள். அம்மலையின் நிழலில் வளர்ந்தவன் நான். அங்கிருந்து கிழக்கே போனால் மரக்காணத்து உப்பளங்கள். ஆசிரியத் தொழிலின் முதற்பாடத்தை நான் கற்றது அந்த உப்பளத்து வரப்பின் மேல் நின்றுதான். கற்பித்தவர், என்னிடம் பாடம் கேட்க வந்து, கேட்க முடியாமலே போய்விட்ட ஒரு மாணவர்.

1974ஆம் ஆண்டு அரசுக் கல்லூரி ஒன்றில் தமிழ் விரிவுரையாளனாகச் சேர்ந்தேன். அப்போது சென்னைப் பல்கலைக்கழகத்தின் புகுமுக வகுப்பு நடைமுறையில் இருந்தது. 1978இல் மேல்நிலைப் பள்ளிக் கல்வி வந்த பிறகே அது மறைந்தது. கணிதம், அறிவியல், வணிகவியல் என்று பிற பாடங்களுக்குப் பிரிந்து செல்லும் மாணவர்கள், பகுதி ஒன்று தமிழுக்கு மட்டும் ஒரே அறையில் வந்து கூடுவார்கள். என் வகுப்பில் 96 பேர். நீண்ட ஓட்டுக் கட்டடம், ஒலிபெருக்கி கிடையாது. இருபத்து நான்கு வயதில் எனக்கு நல்ல குரல் இருந்தது. மேடைப் பேச்சில் பழகிய குரல். அதைக் கொண்டே அத்தனை பேரையும் கட்டி ஆண்டுவிடலாம் என்று நம்பினேன். பாடம் நடக்கும்போது ஊசி விழுந்தாலும் கேட்கும் அமைதி. அந்த அமைதியைக் கவனம் என்று எண்ணிக்கொண்டேன். என் அறியாமையை என்னென்பது!

வருகைப் பதிவு எடுப்பதற்கே பத்து நிமிடம் கழியும். பெயர் சொல்லி அழைத்தால் நேரம் போதாது என்று எண்ணைச் சொல்லி அழைப்பேன். "உள்ளேன் ஐயா", "உள்ளேன் ஐயா" என்று வரிசையாகக் குரல்கள் எழும். தலை நிமிராமல் குறித்துக்கொண்டே போவேன்.

1975 பங்குனியில் மரக்காணத்தில் உறவினர் வீட்டு நிக்காஹ்வுக்குப் போயிருந்தேன். அஸர் தொழுதுவிட்டு உப்பளப் பக்கம் காலாற நடந்தபோது, முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய கைலியோடு பலகையால் உப்பை இழுத்துக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். சட்டென்று பலகையைக் கீழே போட்டுவிட்டுக் கைகூப்பினார்.

"சார், வணக்கம். இங்கே எங்கே சார்?"

"என்னை எப்படித் தெரியும், தம்பி?"

"உங்க வகுப்புதான் சார். எழுபத்தொண்ணு."

எனக்கு உடம்பு சில்லிட்டது. முந்தின நாள்கூட எழுபத்தொன்றுக்கு "உள்ளேன் ஐயா" கேட்டதே! கேட்டதும் குறித்ததும் நன்றாக நினைவிருந்தது. விசாரித்தேன். பொங்கலுக்குப் பிறகு அவர் கல்லூரிக்கு வரவே இல்லை. உப்பளத்தில் வேலை செய்த தந்தைக்குக் காலில் புண் வைத்து நடக்க முடியாமற் போயிற்று; தை பிறந்ததும் பாத்தி மிதிக்க ஆள் வேண்டியிருந்தது; மூத்த மகன் வந்துவிட்டார். தேர்வுக் கட்டணமும் கட்டவில்லை. அவருக்காகக் குரல் கொடுத்தவன் பக்கத்து இருக்கை நண்பன்.

"என்னிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்றேன்.

அவர் சிறிது தயங்கினார். "சொல்லியிருந்தா உங்களுக்கு யாருன்னு தெரிஞ்சிருக்காது சார்" என்றார். குரலில் கோபமோ குறையோ இல்லை. நான் சங்கடப்படுவதைக் கண்டு அவரே ஆறுதலாகச் சேர்த்துச் சொன்னார்: "உங்க குரல் கடைசி வரிசை வரைக்கும் நல்லாக் கேக்கும் சார். பாடந்தான் பாதியிலே நின்னுடும்."

பேச்சை மாற்ற விரும்பியோ என்னவோ, உப்பு விளையும் விதத்தைக் காட்டினார். கடல் நீரில் உப்பின் அடர்த்தி, மானியால் அளந்தால், ஏறத்தாழ 3 பாகை. அது 25 பாகைக்கு ஏறினால்தான் உப்பு மணி கட்டும். எல்லா நீரையும் ஆழமாகத் தேக்கிவைத்து வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தால் காரியம் ஆகாது. பாத்தி பாத்தியாக வரப்பிட்டு, ஒன்றிலிருந்து அடுத்ததற்கு நீரை மாற்றி மாற்றிக் கடைசிப் பாத்தியில் மெல்லியதாகப் பரப்ப வேண்டும். அதற்கு முன் பாத்தியின் களிமண் தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்க வேண்டும். "வெயில் எல்லாத்துக்கும் ஒண்ணுதான் சார். பாத்தி சரியா இருந்தாத்தான் விளையும்" என்றார்.

அன்றிரவு பெருமுக்கல்லுக்குத் திரும்பிய எனக்கு உறக்கம் வரவில்லை. நான் குரலை உயர்த்தத் தெரிந்தவன். பாத்தி கட்டத் தெரியாதவன் என்று புரிந்தது.

யோசித்துப் பார்த்தால், பாத்தி கட்டும் வித்தையை என் இளமையிலேயே கண்டிருக்கிறேன். எங்கள் ஓதும் பள்ளியில் ஹஸரத் ஒருவர். பிள்ளைகள் அறுபது பேருக்குக் குறையாது. பெரிய பிள்ளைகளுக்கு அவர் பாடம் கொடுப்பார். அவர்கள் சின்னப் பிள்ளைகளை ஐந்தைந்து பேராகச் சுற்றி அமர்த்தி அலிஃப், பே சொல்லிக்கொடுப்பார்கள். அஸருக்குப் பிறகு ஒவ்வொரு பிள்ளையின் பாடத்தையும் ஹஸரத் ஒரு வரியேனும் கேட்காமல் அனுப்பமாட்டார். ஒருநாள் ஒரு பிள்ளை வராவிட்டால் மறுநாள் காலை அந்த வீட்டு வாசலில் அவருடைய கைத்தடிச் சத்தம் கேட்கும்.

இது நம் தமிழகத்துத் திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளை முறையே. அம்முறை கடல் கடந்த வரலாறு சுவையானது. 1789இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார், நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். தம் பள்ளியிலும் மணலைப் பரப்பினார். தேர்ந்த சிறுவர்களைக் கொண்டே மற்றச் சிறுவர்களுக்குக் கற்பித்தார். தாயகம் திரும்பி 1797இல் அதை நூலாக வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தெங்கும் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் விட்டுச்சென்ற பொருளால் எழுந்த பள்ளி இன்றும் 'மதராஸ் கல்லூரி' என்றே வழங்குகிறது.

இன்னும் பின்னே சென்றால், ஹதீஸ் கலை வல்லுநர்கள் சொல்லச் சொல்ல மாணவர்கள் எழுதிக்கொண்ட 'இம்லா' சபைகளைக் காணலாம். கூட்டம் பெருகி ஆசிரியரின் குரல் எட்டாதபோது, அவர் சொன்னதை வழுவாமல் வாங்கிப் பின்வரிசைக்குச் சொல்லும் 'முஸ்தம்லீ' ஒருவர் இருப்பார். கூட்டம் மிகுந்தால் பலர் இருப்பர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இமாம் ஸம்ஆனி (ரஹ்) இச்சபைகளின் ஒழுங்கைப் பற்றித் தனி நூலே எழுதினார். பக்தாது நிஜாமிய்யாவில் 1091இல் பொறுப்பேற்ற இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம்மிடம் 300 மாணவர்கள் பயின்றதாகத் தாமே குறித்திருக்கிறார்கள். மதரசாக்களில் ஆசிரியர் நடத்திய பாடத்தை மாணவர்களுக்கு மீண்டும் விளக்கிச் சொல்ல 'முயீத்' என்ற துணையாசிரியர் இருந்தார். பெருந்திரளுக்குக் கற்பிப்பது ஒருவர் குரலால் மட்டும் ஆவதன்று என்பதை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர்.

அடுத்த கல்வியாண்டில் என் வகுப்பை எட்டெட்டுப் பேராகப் பன்னிரண்டு குழுக்களாகப் பிரித்தேன். ஒவ்வொரு குழுவிலும் ஒரு தலைவர். இரண்டு வாரத்திற்கு ஒருமுறை தலைவர் மாறுவார். எண் சொல்லி அழைப்பதை நிறுத்தினேன். "உங்கள் குழுவில் இன்று யார் இல்லை? ஏன் இல்லை?" என்று தலைவரைக் கேட்பேன். பதிவேடு இரண்டே நிமிடத்தில் முடியும். எட்டுப் பேருக்குள் ஒருவர் காணாமற்போவதை மறைப்பது எளிதன்று.

பாடத்தையும் பிரித்தேன். பதினைந்து நிமிடத்திற்கு மேல் தொடர்ந்து பேசுவதில்லை. ஒரு செய்யுளைச் சொல்லி முடித்ததும், பொருளை அடுத்திருப்பவருக்கு உம் சொந்தச் சொல்லில் சொல்லும் என்பேன். நடுவே ஒரு கேள்வி கேட்டால் உடனே விடையை நானே சொல்லிவிடும் கெட்ட பழக்கம் எனக்கு இருந்தது. அதை விட மனத்துக்குள் மூன்று ஸலவாத் ஓதும் வரை காத்திருக்கப் பழகினேன். அமெரிக்க நாட்டு மேரி பட் ரோ என்னும் அம்மையார், ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் ஒரு நொடி அளவே காத்திருக்கிறார்கள் என்றும், அது மூன்று நொடியானால் மாணவர்களின் விடைகள் நீண்டு செழிக்கின்றன என்றும் 1970களில் ஆராய்ந்து எழுதியதைப் பின்னாளில் அறிந்து வியந்தேன். ஹார்வர்டில் எரிக் மாசூர் என்ற இயற்பியல் பேராசிரியரும் 1990களின் தொடக்கத்தில், கேள்வி கேட்டு, தனித்தனியே விடை பெற்று, பின் பக்கத்திலிருப்பவரோடு வாதிடச் செய்து, மீண்டும் விடை கேட்கும் முறையை வகுத்தார்.

வகுப்பு முடியும் முன் ஒவ்வொருவரும் துண்டுத்தாளில் விளங்காத ஒன்றை எழுதித் தர வேண்டும். 96 தாளையும் படிக்க இயலாது. நாளுக்கு இரண்டு குழுவின் தாள்களைத் தேநீர் வேளையில் படிப்பேன். வாரத்தில் ஒருநாள் கரும்பலகையை விட்டு விலகிக் கடைசி வரிசையில் நின்று பாடம் நடத்துவேன். அங்கிருந்து பார்த்தபோதுதான் தெரிந்தது: கரும்பலகையின் கீழ்ப்பாதி அங்கே தெரியவே தெரியாது. ஓராண்டு முழுதும் அதில் எழுதியிருக்கிறேன்.

எல்லாம் இனிதே நடந்ததென்று சொன்னால் அது பொய்யாகும். வகுப்பில் இரைச்சல் என்று மூத்தவர்கள் குறைபட்டார்கள். சில தலைவர்கள் அதிகாரம் செய்தார்கள். சிலர் நண்பனைக் காட்டிக்கொடுக்க மனமின்றிப் பொய் சொன்னார்கள். பாடத்திட்டத்தில் இரண்டு பகுதிகள் பின்தங்கின, சனிக்கிழமைகளில் ஈடுசெய்தேன். மதராஸ் முறைக்கும் இதே குறை நேர்ந்தது. இங்கிலாந்தில் அது ஒருவரைக் கொண்டே பலநூறு பிள்ளைகளைச் செலவின்றிப் படிக்கவைக்கும் இயந்திரமாக மாறி, மனப்பாடப் பயிற்சியாகச் சுருங்கிற்று. ஆதலால் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: பெரிய வகுப்பை நடத்தும் வழிவகைகள், ஆசிரியர்களை நியமிக்காமல் இருப்பதற்குச் சாக்காகிவிடக் கூடாது. முயீதுக்கும் சம்பளம் உண்டு என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

34 ஆண்டுகள் பணியாற்றி 2008இல் ஓய்வு பெற்றேன். அந்த எழுபத்தொன்றாம் எண் மாணவர் திரும்ப வரவில்லை. மறு ஆண்டு கட்டணத்தை நான் கட்டுகிறேன் என்று இருமுறை மரக்காணம் சென்று கேட்டேன். தம்பி தங்கையர் படிக்கட்டும் என்று சிரித்தபடி மறுத்துவிட்டார். அவருக்கு நான் செய்யத் தவறியதை வேறு எவருக்குச் செய்தும் ஈடுகட்ட முடியாது. ஆனால் அதன் பிறகு என் வகுப்பிலிருந்து எவரும் எனக்குத் தெரியாமல் போனதில்லை. போனவர்கள் உண்டு; தேடிப் போய்ச் சிலரை அழைத்து வந்ததும் உண்டு.

இதைப் படிக்கும் பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம். கல்லூரியிலிருந்து பிள்ளை வந்ததும் எத்தனை மதிப்பெண் என்று கேட்கிறோம். இன்று ஒருநாள் மட்டும், "உன் ஆசிரியருக்கு உன் பெயர் தெரியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். தெரியாது என்று பிள்ளை சொன்னால், அந்த ஆசிரியரை ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். அவரைக் குறைசொல்ல வேண்டாம். "கடைசி வரிசையில் என் பிள்ளை இருக்கிறான்" என்று மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள். 1975இல் எவரேனும் ஒருவர் என்னிடம் வந்து அப்படிச் சொல்லியிருக்கலாகாதா என்று நான் இன்றும் ஏங்குகிறேன்.