மைதானத்துப் பூட்டு

2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 4 × 400 மீட்டர் கலப்புத் தொடர் ஓட்டத்தில் ஓடிய நம்ம மதுரை ரேவதி வீரமணியை நினைவிருக்கிறதா? பாட்டி வளர்த்த பெண். ஆரம்பத்தில் வெறுங்காலோடுதான் ஓடினார். பயிற்சியாளர் கண்ணன் கண்ணில் படாமல் போயிருந்தால்?

நம் பள்ளி மைதானத்தை இப்போது மாலை ஐந்து மணிக்கே பூட்டிவிடுகிறார்கள். (லீவு நாளில் திறப்பதே இல்லை.) ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி லாரிக்கு ஒதுங்கி ஒதுங்கித் தார் ரோட்டில் ஓடிப் பழகுகிறாள். முழங்கால் என்னத்துக்கு ஆகும்? 400 மீட்டரில் வளைவில் ஓடுவது தனிப் பழக்கம், ரோட்டில் அது வராது. சிந்தெடிக் டிராக்குக்கு இரண்டு பஸ் மாற வேண்டும்.

சனிக்கிழமை தலைமையாசிரியரைப் பார்த்துச் சாவி கேட்கப் போகிறேன். ஊரில் இருப்பவர்கள் கூட வாருங்கள். வெளியூர்க்காரர்கள் ஸ்பைக் ஷூவைப் பார்த்துக்கொள்ளுங்கள். அளவு ஐந்து.