அழித்தது எங்கே போகும்?

கோப்புகளின் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் கிட்டைக் கற்க வருகிறவருக்கு ஒரு செயலியைப் பரிந்துரைக்கும் முன், அதில் ஒரு சின்னக் காரியத்தைச் செய்து பார்ப்பது வகுப்பெடுத்துப் பழகியவர்களின் வழக்கம். ஏற்கெனவே கமிட் ஆன கோப்பில் நாலு வரி சேர்த்து, சேமித்து, மறுபடி கமிட் செய்யாமலே 'டிஸ்கார்ட்' கொடுப்பார்கள். எழுதிய நாலு வரி எங்கே போகிறது?

டெர்மினலில் இதையே செய்தால் போனது போனதுதான். கமிட்டாக ஒப்படைத்ததைக் கிட்டிடமிருந்து பெரும்பாலும் மீட்டுவிடலாம். ஒப்படைக்காததற்கு அது பொறுப்பில்லை. டெர்மினலுக்குப் பதிலாகச் சாளரத்தில் கிட்டை இயக்கும் கிட்ஹப் டெஸ்க்டாப் செயலி இங்கேதான் நல்ல பெயர் வாங்குகிறது. விட்டெறிந்த கோப்பை அது விண்டோஸின் ரீசைக்கிள் பின்னுக்கோ மேக்கின் டிராஷுக்கோ அனுப்பிவைக்கிறது. கமிட் செய்த கையோடு இடப்பக்க மூலையில் 'அன்டூ' பொத்தானும் எட்டிப்பார்க்கும். அதை அழுத்தினால் கமிட் கலைந்து, மாற்றங்கள் பழையபடி பட்டியலுக்கு வந்துவிடும். புஷ் செய்த பிறகு அந்தப் பொத்தான் இருக்காது, இருக்கவும் கூடாது. அதற்குள் இன்னொருவர் அதை இறக்கிக்கொண்டிருக்கலாம்.

2005 ஏப்ரலில் லினக்ஸ் கெர்னலுக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை எழுதத் தொடங்கியபோது, பொத்தான் தேடும் ஆட்களை அவர் மனதில் வைத்திருக்கவில்லை. பின்னாளில் கிட்கே, கிட் குயி என்ற இரண்டு சாளரங்கள் சேர்ந்தன. விண்டோஸில் கிட்டை நிறுவினால் இன்றும் இவை கூடவே வரும். பார்க்கப் பழைய சாமான் மாதிரிதான் இருக்கும், ஆனால் வேலை நடக்கும். முதல் நாளே இவற்றைத் திறந்து காட்டினால் பாதி வகுப்பு காலியாகிவிடும் என்பது வேறு விஷயம்.

எளிமை என்ற பெயரில் எதையெல்லாம் மறைக்கலாம் என்பதில்தான் சிக்கல். கிட்ஹப்பின் பழைய டெஸ்க்டாப் செயலிகளில் 'சிங்க்' என்று ஒற்றைப் பொத்தான் இருந்தது. புல்லும் அதுவே, புஷ்ஷும் அதுவே. எல்லாம் ஒழுங்காகப் போகும்வரை சொகுசுதான். இடையில் ஏதாவது முட்டிக்கொண்டால், இறக்கும்போது முட்டியதா ஏற்றும்போதா என்றே புதியவருக்குத் தெரியாது. புதிதாக எழுதப்பட்டு 2017-இல் வெளியான 1.0 பதிப்பில் அந்தப் பொத்தான் இல்லை. அதே இடத்தில் நிலைமைக்கேற்ப ஃபெட்ச், புல், புஷ் என்று பெயர் மாறுகிறது. எத்தனை கமிட் நிலுவை என்ற எண்ணும் பக்கத்தில் தெரிகிறது. ஒரு வாரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாலே பாதிப் பாடம் முடிந்துவிடும். விஎஸ் கோடு எடிட்டரில் 'சிங்க்' இன்னும் இருக்கிறது. அதை இரண்டாம் மாதத்துக்கு ஒத்திப்போடலாம்.

கமிட்டில் எதெல்லாம் சேர வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் ஸ்டேஜிங் விஷயத்தில் கிட்ஹப் டெஸ்க்டாப்பும் கொஞ்சம் மறைக்கத்தான் செய்கிறது. கோப்புக்குப் பக்கத்தில் ஒரு டிக், அவ்வளவுதான். டிஃப்பில் வரி எண்ணைச் சொடுக்கினால் அந்த ஒரு வரியை மட்டும் கமிட்டிலிருந்து விலக்கவும் முடியும். சோர்ஸ்ட்ரீ, ஃபோர்க் ஆகிய செயலிகளில் ஸ்டேஜ் ஆனவை, ஆகாதவை என்று இரண்டு பட்டியல்களைக் கண்ணெதிரே வைத்துவிடுகிறார்கள். டெர்மினலுக்குப் போகப்போகிறவருக்கு இதுவே நல்ல தயாரிப்பு. ஆனால் இவற்றைத் திறந்ததுமே ஜங்ஷன் தண்டவாளம் போலப் பின்னிக் கிடக்கும் கிளைப் படத்தைக் கண்டு மிரளாதவர் குறைவு.

உள்நுழைவையும் கவனிக்க வேண்டும். 2021 ஆகஸ்ட் 13 முதல் கிட் வேலைகளுக்குக் கணக்கின் கடவுச்சொல்லைக் கிட்ஹப் ஏற்பதில்லை. டோக்கன், எஸ்எஸ்எச் சாவி என்று விளக்கத் தொடங்கினால் முதல் வகுப்பு அதிலேயே போய்விடும். பிரவுசரைத் திறந்து அனுமதி வாங்கி முடிக்கும் செயலி அந்த நேரத்தை மிச்சப்படுத்தும்.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அமைப்பை மாற்றாத டெர்மினலில் 'கிட் ஸ்டேட்டஸ்' கொடுத்தால் 'க' என்ற ஒற்றை எழுத்தே \340\256\225 என்று வந்து நிற்கும். வைரஸ் புகுந்துவிட்டது என்று பயந்தாலும் குற்றமில்லை. கிட்ஹப் டெஸ்க்டாப்பின் பட்டியலில் பெயர் தமிழிலேயே தெரியும்.

லினக்ஸ்காரர்களுக்குக் கிட்ஹப் டெஸ்க்டாப்பின் அதிகாரபூர்வப் பதிப்பு இல்லை. அவர்களுக்குக் கிட் கோலா என்ற செயலி இருக்கிறது. கிட்கிராக்கன் மூன்று தளங்களிலும் ஓடும், அழகானதும்கூட. தனியார் ரெப்போவைத் திறக்கக் காசு கேட்கும் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

கடைசிச் சோதனை கான்ஃப்ளிக்ட். பயிற்சிக்கென்று ஒரு ரெப்போ போட்டு, இரண்டு பிராஞ்சுகளில் ஒரே வரியை வெவ்வேறாக எழுதி மெர்ஜ் செய்து பார்க்க வேண்டும். கோப்புக்குள் <<<<<<< என்று குறி விழுவது எல்லாச் செயலியிலும் ஒன்றுதான். எந்தக் கோப்பில் எத்தனை முட்டல் என்று சொல்கிறதா, எடிட்டரைத் திறந்து தருகிறதா, 'வேண்டாம், மெர்ஜையே கைவிடு' என்பதற்கான பொத்தான் தேடாமல் கண்ணில் படுகிறதா என்று பார்க்கலாம். கிட்ஹப் டெஸ்க்டாப்பில் மூன்றும் ஒரே சாளரத்தில் இருக்கின்றன.